சுட்ட தோட்டா உறைகளைக் கழுவிக் காயவைப்பது: கேள்வி பதில்

அமெரிக்காவில் துப்பாக்கிப் பயிற்சி ரேஞ்சில் சுட்டுவிட்டு, காலி உறைகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி தோட்டா நிரப்புகிறவர்கள் நிறைய. அதில் முதல் வேலை கழுவுவது. இங்கே டம்ளர் என்றால் காபி டம்ளர் இல்லை, மோட்டாரில் உருளும் டிரம். உறைகளோடு பொடிப்பொடி ஸ்டெயின்லெஸ் ஊசிகளும் தண்ணீரும் போட்டு உருட்டுவதுதான் ஈர டம்ளிங்.

கேள்வி: தம்லர்ஸ் மாடல் பி டம்ளர் வாங்கியிருக்கிறேன். உறை, ஊசி, தண்ணீர் எல்லாம் என்ன கணக்கு?

அந்த டிரம் 15 பவுண்டு தாங்கும். 5 பவுண்டு ஊசி, 2 பவுண்டு உறை, 1 கேலன் தண்ணீர் என்றால் சரியாக இருக்கும். 2 பவுண்டு என்பது .223 ரைபிள் உறையில் சுமார் 150, 9 எம்எம் கைத்துப்பாக்கி உறையில் சுமார் 230. பாத்திரம் கழுவும் டான் சோப்பு ஒரு டேபிள்ஸ்பூன், லெமிஷைன் என்ற அமிலப் பொடி கால் டீஸ்பூன். கைத்துப்பாக்கி உறைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். கரி அப்பிய ரைபிள் உறையை மூன்று மணி நேரம் விடலாம். அதற்கு மேல் ஓட்டினால் உறைகளின் வாய் ஒன்றோடொன்று மோதி மழுங்கும். வாயைச் சீவி நேராக்கும் வேலை இருந்தால் கழுவிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உறையின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி, அதாவது பழைய பிரைமரைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டுமா, அப்படியே போடலாமா?

கழற்றிவிட்டுத்தான். பிரைமரைத் தள்ளி எடுக்கும் அச்சு, யுனிவர்சல் டீகேப்பிங் டை, ஒன்று இருந்தால் எல்லா அளவுக்கும் ஆகும். பிரைமர் உள்ளேயே இருந்தால் குழியிலுள்ள கரி போகாது. அதைவிட மோசம், அதன் பின்னால் புகுந்த தண்ணீர் லேசில் வெளியே வராது.

அதற்கும் முன்னால் உறைகளைப் பிரியுங்கள். காந்தம் காட்டி இரும்பு உறைகளை ஒதுக்குங்கள். ஒன்றிரண்டு தப்பிப் போனாலும் அமிலத் தண்ணீரில் செம்பு படிந்து எல்லாம் நிறம் மாறும். 9 எம்எம் உறை .40-க்குள்ளும், .40 உறை .45-க்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படி உட்கார்ந்தவை கழுவப்படவும் செய்யாது, காயவும் செய்யாது. சுடாத .22 தோட்டா .45 உறைக்குள் ஒளிந்திருப்பதும் உண்டு. கையில் எடுத்துப் பார்க்காமல் எதையும் டிரம்மில் கொட்டாதீர்கள்.

கேள்வி: லெமிஷைன் எதற்கு? நம் ஊரில் குத்துவிளக்குக்குப் புளி போடுவோமே, இங்கே ஆகாதா சார்?

கொள்கை ஒன்றுதான். லெமிஷைனில் சிட்ரிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். இரண்டும் பித்தளையின் கறுப்பைக் கரைக்கும். ஆனால் புளியின் சக்கை ஊசிகளுக்கு நடுவே அடைத்துக்கொள்ளும், பிசுபிசுப்பு உறைக்குள் ஒட்டும், எவ்வளவு அமிலம் போனது என்று அளக்கவும் வழியில்லை. புளியோடு கல்லுப்பும் சேர்க்கிறவர்கள் உண்டு. உப்பு பித்தளையை அரித்துக் குழி விழவைக்கும், அந்தப் பக்கமே போகாதீர்கள். விளக்குக்குப் புளி, தோட்டா உறைக்கு லெமிஷைன்.

கேள்வி: கழுவி எடுத்ததும் உறைகள் இளஞ்சிவப்பாக இருக்கின்றன. ஏன்?

லெமிஷைன் அதிகம், அல்லது நேரம் அதிகம். இந்தப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலம் மேற்பரப்புத் துத்தநாகத்தைத் தின்றுவிட்டால் செம்பு நிறம்தான் மிஞ்சும். லேசான சிவப்பு என்றால் மேற்பரப்போடு நின்றுவிடும், பயப்பட வேண்டாம். அடுத்த முறை கால் டீஸ்பூனைத் தாண்டாதீர்கள். ஒரு கை அள்ளிப் போட்டால் இரண்டு மடங்கு பளபளக்கும் என்று யார் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

கேள்வி: பித்தளை பாலிஷ் போடும் பிராசோ கொஞ்சம் விட்டால்?

வேண்டாம். அதில் அம்மோனியா உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைகளின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன. பருவத்தில் வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயரும் வைத்தார்கள். இறுக்கி உருவாக்கிய பித்தளையும், குதிரை லாயத்துச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவும் சேர்ந்த விளைவு அது என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. ஒவ்வொரு முறை சுடும்போதும், பழைய அளவுக்குக் கொண்டுவர டையில் நசுக்கும்போதும் உங்கள் உறையின் கழுத்திலும் அதே இறுக்கம் ஏறுகிறது.

கேள்வி: ஊசி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கை வலிக்கிறது அண்ணா.

காற்றில் தட்டாதீர்கள். ஈர ஊசியைத் தண்ணீரே உறைச் சுவரோடு ஒட்டவைத்துப் பிடித்துக்கொள்ளும். வாளித் தண்ணீருக்குள் உறையை முக்கி, முக்கிய நிலையிலேயே வாய் கீழாகக் கவிழ்த்து ஆட்டுங்கள், ஊசிகள் சரசரவென்று இறங்கிவிடும். கையால் சுற்றும் கூடை வைத்திருந்தால் அதன் தொட்டியிலும் பாதித் தண்ணீர் நிரப்பிச் சுற்றுங்கள்.

சாதாரண ஊசி 0.047 அங்குலத் தடிப்பு, 0.255 அங்குல நீளம். பிரைமர் குழியிலிருந்து உள்ளே போகும் தீத்துளை சுமார் 0.080. ஒரு ஊசி தாராளமாகப் போய்வரும். இரண்டு சேர்ந்து நுழையப் பார்த்தால் ஆப்பு அடித்த மாதிரி நிற்கும். .223 கழுத்தின் உள்விட்டமும் ஊசி நீளத்தைவிடக் குறைவு, குறுக்கே சாய்ந்து அங்கேயும் கொத்தாக மாட்டும். காய்ந்ததும் ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பாருங்கள். மாட்டிய ஊசி பிரைமர் தீயை மறிக்கலாம், கழன்றால் குண்டோடு குழலுக்குள் போகும்.

கேள்வி: துண்டில் பரப்பி ஒரு ராத்திரி விட்டால் காயாதா?

வெளிப்பக்கம் காயும். உள்ளே, அடிப்பாகத்தில், ஒரு சொட்டு உட்கார்ந்திருக்கும். கண்ணுக்கும் தெரியாது. வெடிமருந்தைக் கொட்டும்போது மருந்து ஈரமாகும். அரைகுறையாக எரிந்தால் குண்டு குழலிலேயே நின்றுவிடும். சத்தம் குறைவாகக் கேட்டதைக் கவனிக்காமல் அடுத்ததையும் சுட்டால் துப்பாக்கி வெடிக்கும். கழுவுவதில் பிழை வந்தால் பளபளப்புதான் குறையும், காயவைப்பதில் வந்தால் கை போகும்.

கடைசி அலசலைச் சுடுதண்ணீரில் செய்யுங்கள், உறையே சூடேறிப் பாதி வேலை முடியும். பிறகு பெரிய துண்டின் நடுவே கொட்டி, இரு முனையையும் பிடித்து உறைகளை அங்குமிங்கும் உருட்டுங்கள், உள்தண்ணீர் தெறித்து வரும். அதன்பின் பழம் உலர்த்தும் டீஹைட்ரேட்டரில் ஒரே அடுக்காகப் பரப்பி 150 டிகிரி ஃபாரன்ஹீட்டில் இரண்டு மணி நேரம். அந்த டீஹைட்ரேட்டரில் இனி உணவு கூடாது.

காய்ந்ததா என்று சந்தேகமா? ஐம்பது உறையை வெடிமருந்து நிறுக்கும் தராசில் பங்கு பங்காக நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் அரை மணி நேரம் காயவிட்டு மறுபடி நிறுங்கள். எடை குறைந்தால் அது தண்ணீர்.

கேள்வி: சமையல் ஓவன்?

ஈயம் கலந்த கரியைச் சாப்பாட்டு ஓவனில் ஏற்றாதீர்கள். பழைய ஓவன் தனியாக இருந்தால் 200 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வையுங்கள். பித்தளை 250 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இளகத் தொடங்கும். கழுத்து இளகினால் நல்லது, அடிப்பாகம் இளகினால் ஆபத்து. ஆல்கஹாலில் அலசியவற்றை எந்தச் சூட்டிலும் வைக்கக் கூடாது, ஆவி பற்றிக்கொள்ளும்.

கேள்வி: காய்ந்த பிறகு புள்ளி புள்ளியாகக் கறை.

கடினத் தண்ணீரின் உப்பு, அல்லது சோப்பு சரியாகப் போகவில்லை. நுரை வராத வரை அலசுங்கள், கடைசி முறை வடித்த நீர். கறையால் சுடுவதில் எந்தக் குறையும் இல்லை.

கேள்வி: கறுப்புத் தண்ணீரை எங்கே ஊற்றுவது?

அதில் பிரைமரின் ஈயம் இருக்கிறது. சமையலறைத் தொட்டியிலும் காய்கறிப் பாத்தியிலும் கூடாது. அபாயக் கழிவு வாங்கும் உள்ளூர் மையத்தைக் கேளுங்கள். கையுறை கட்டாயம். குழந்தைகள் வீட்டில் இருந்தால் வேலையைக் கராஜிலேயே முடித்து, துண்டைத் தனியாகத் துவைக்கவும்.

கேள்வி: ஊசியே இல்லாமல் கழுவினால்?

9 எம்எம்முக்குத் தாராளமாகச் செய்யலாம். வெறும் தண்ணீர், சோப்பு, லெமிஷைன், முக்கால் மணி நேரம். பிரைமர் குழியில் கொஞ்சம் கரி மிஞ்சும், அவ்வளவுதான். உள்கழுத்திலும் லேசாகக் கரி நிற்பதால், டையில் வாயை அகலமாக்கும் விரிப்பான் வழுக்கிக்கொண்டு வரும். ஊசி போட்டுக் கண்ணாடியாகத் தேய்த்த உறை அங்கேதான் ஒட்டி இழுக்கும்.