அம்மாவுடன் ககேதிக்கு ஒரு நாள்: தயங்காமல் போகலாம்

ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் ஒரு நாள்தான் மிச்சம், அம்மா சைவம், மது தொடமாட்டார், அந்நாட்டின் ஒயின் வட்டாரமான ககேதிக்குப் போகும் பயணம் அவருக்கு வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, தைரியமாக அழைத்துப் போங்கள்.

கூட்டமான பெரிய ஆலையைத் தவிர்த்து, ஒரு குடும்பம் நடத்தும் மரானிக்குப் போங்கள். மரானி என்றால் ஒயின் அறை. அங்கே க்வெவ்ரி என்ற முட்டை வடிவ மண்தாழிகள் கழுத்துவரை புதைந்திருக்கும். உள்ளே தேன்மெழுகு பூச்சு. திராட்சைச் சாற்றைத் தோல், விதை, காம்போடு ஊற்றி ஐந்தாறு மாதம் மூடிவைப்பார்கள். மண்ணின் குளிர்ச்சி வெப்பத்தைச் சீராக வைக்கும், தோல் ஊறுவதால் வெள்ளைத் திராட்சை ஒயினும் அம்பர் நிறமாகும். 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த முறை இது. ஒரு சொட்டு குடிக்காமலே ரசிக்கலாம்.

சாப்பாட்டுக்கும் கவலை வேண்டாம். வால்நட் விழுது வைத்த கத்தரிக்காய், கீரை ப்காலி (வால்நட் சேர்த்து அரைத்த கீரை), லோபியோ (பீன்ஸ் குழம்பு), தோனே என்ற களிமண் அடுப்பில் சுட்ட ரொட்டி எல்லாம் கிடைக்கும். "சமர்க்வோ" என்று கேளுங்கள். அது ஜார்ஜியக் கிறிஸ்தவர்களின் விரத உணவு. இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் விரதத்தில் மீன் சில நாள் அனுமதி, அதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். பீன்ஸ் அடைத்த லோபியானி ரொட்டியில் சில இடங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள், விசாரியுங்கள்.

அப்புறம், நீங்கள் ருசி பார்ப்பதாக இருந்தால் காரை நீங்கள் ஓட்டாதீர்கள். ககேதியிலுள்ள சிக்னாகி ஊர் திபிலிசியிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர், காலையிலேயே கிளம்புங்கள். செப்டம்பர், அக்டோபர் என்றால் அறுவடைக் காலம், நூலில் கோர்த்த வால்நட்டைக் கெட்டியான திராட்சைச் சாற்றில் முக்கிச் செய்யும் சுர்ச்கேலா என்ற இனிப்பு தயாராவதை அம்மா பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.