இந்துப்புக்கு மாறியும் இரத்த அழுத்தம் இறங்கவில்லையா?

வணக்கம் ஐயா. இரத்த அழுத்தம் 148/94 இருப்பதாகவும், மூன்று மாதம் வாழ்க்கை முறையை மாற்றிப் பார்க்குமாறு மருத்துவர் சொன்னதால் இந்துப்புக்கு மாறியும் அளவு இறங்கவில்லை என்றும், இரவில் தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் முடியாது என்றும் எழுதியிருந்தீர்கள்.

இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்பதால், உப்பின் வகையை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பதே பயன் தரும். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பில் போடுவது மட்டுமன்றி, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்சர் ஆகியவற்றில் இருப்பதும் அந்தக் கணக்கில் சேரும். ஆகவே முதலில் ஊறுகாயை விட்டு, வெள்ளரித் துண்டுகளையோ உப்பு குறைந்த புதினாத் துவையலையோ தொட்டுக்கொள்ளுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். சோடியம் குறைந்த உப்பு என விற்கப்படுவதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கக் கூடாது.

வாரத்தில் ஐந்து நாளாவது அரை மணி நேரம் வேகமாக நடங்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால், சில கிலோ குறைந்தாலே அழுத்தத்தில் மாற்றம் தெரியும். புகையும் மதுவும் இருந்தால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

வீட்டில் அளக்கும்போது, காபி குடித்து அரை மணி நேரமாவது கழித்து, ஐந்து நிமிடம் அமைதியாகச் சாய்ந்து அமர்ந்தபின், கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளந்து, குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகும் குறையாமல், அவர் மாத்திரை எழுதித் தந்தால் அருள்கூர்ந்து மறுக்காதீர்கள். அளவு 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ பேச்சுக் குழறலோ ஏற்பட்டால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.