போட்டோவை கிராப் செய்யும்போது எங்கே வெட்டுவது?

கிராப் செய்த பிறகு ஆள் படம் ஏன் அரைகுறையாகத் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் வெட்டு விழுகிற இடம்தான் காரணம். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் மாதிரி மூட்டுகளில் ஓரம் விழுந்தால் கை கால் துண்டானது போலிருக்கும். நடுத்தொடையிலோ இடுப்புக்குச் சற்று மேலேயோ வெட்டினால் உறுத்தாது. அதற்கு முன்னால் சாய்வை நேராக்கிவிடுங்கள், ஏனென்றால் படத்தைத் திருப்பும்போதே மூலைகள் கொஞ்சம் போய்விடும், முதலிலேயே இறுக்கி வெட்டியிருந்தால் அப்புறம் தலைக்கு மேல் இடமே மிஞ்சாது. பார்வை போகிற பக்கம் கொஞ்சம் காலியாக விடுங்கள். படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, அந்தக் கோடுகளில் ஆளை வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதியா? உதவும், கட்டாயமில்லை.

பிரிண்ட் போடுவதென்றால் இன்னொன்று: 6000 × 4000 பிக்சல் படத்தில் அகலம், உயரம் இரண்டையும் பாதியாக்கினால் 24 மெகாபிக்சல் 6 ஆகிவிடும், அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 10 அங்குல அகலம்தான் தேறும்.