எம்ஜிபி காரில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றிய பிறகு கியர் கரகரக்கிறது, ஓவர்டிரைவும் வழுக்குகிறது. எங்கே தவறு?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: 1972 எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்), லேகாக் நிறுவனத்தின் ஓவர்டிரைவ் (அதே வேகத்தில் என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர் பெட்டி) உள்ள வண்டி. சர்வீஸ் முடிந்து வந்ததிலிருந்து இரண்டாம் கியர் கரகரவென்று உரசிக்கொண்டுதான் விழுகிறது. ஓவர்டிரைவைப் போட்டால் சமதரையில் பிடிக்கிறது, மேட்டில் விட்டுவிடுகிறது. மெக்கானிக் "சிங்க்ரோ போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்கிறார். (கியர் விழும் முன் வேகத்தைச் சமமாக்கும் வளைய அமைப்புதான் சிங்க்ரோ.)

இறக்காதீர்கள். இன்னும் இல்லை. இந்த வண்டியில் கியர்பாக்ஸைத் தனியாகக் கழற்ற முடியாது, என்ஜினோடு சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அவ்வளவு பெரிய வேலையில் இறங்குவதற்கு முன்னால், உள்ளே இருப்பது என்ன ஆயில் என்று பாருங்கள். என் வண்டியிலும் இதே கதைதான் நடந்தது. நான் அதைக் கடைசியாகப் பார்த்தேன். இரண்டு மாதம் வீண்.

எனக்கு முதலில் கிளட்ச் மேல்தான் சந்தேகம். ஹைட்ராலிக் லைனில் காற்று எடுத்தேன், கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரை மாற்றினேன், எதுவும் மாறவில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஐந்து நொடிச் சோதனை ஒன்று உண்டு என்று அப்போது தெரியாது. என்ஜின் ஐடிலில் ஓடட்டும், கிளட்சை முழுக்க மிதித்து ஐந்து வரை எண்ணுங்கள், அப்புறம் ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்ச் சரியாக விடுபட்டால் அதற்குள் கியர்கள் சுற்றி நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். அப்போதும் கரகரத்தால் கிளட்ச்தான் இழுக்கிறது, ஆயிலைக் குறை சொல்லிப் பயனில்லை.

என் வண்டியில் ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது. சரி, கிளட்ச் இல்லை. சிங்க்ரோ வளையங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, வருவதற்குள் ஆயிலை வடித்து வைக்கலாம் என்று அடியில் படுத்தேன். டிரெய்ன் பிளக்கைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஒரு நாற்றம்: அழுகிய முட்டையும் எரிந்த ரப்பரும் கலந்த மாதிரி. கையில் பட்டது இரண்டு நாள் சோப்புப் போட்டும் போகவில்லை. பின் ஆக்சிலில் ஊற்றும் ஹைபாய்டு ஆயிலின் கந்தக நாற்றம் அது. சர்வீஸ் செய்தவர் ஆக்சிலுக்கு வாங்கிய அதே டப்பாவிலிருந்து கியர்பாக்ஸுக்கும் ஊற்றியிருக்கிறார். அவரைத் திட்டியும் பயனில்லை. கியர்பாக்ஸுக்கு கியர் ஆயில் என்பது யாருக்கும் இயல்பாகத் தோன்றுகிற எண்ணம்தானே.

ஆனால் இந்த கியர்பாக்ஸுக்கு உங்கள் வண்டியின் கையேடு சொல்வது 20டபிள்யூ-50 என்ஜின் ஆயில். படித்ததும் "இவ்வளவு மெல்லியதா?" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கியர் ஆயிலுக்கும் என்ஜின் ஆயிலுக்கும் கெட்டியைக் குறிக்கும் எஸ்ஏஇ அளவுகோல் வேறு வேறு. கியர் ஆயில் டப்பாவில் இருக்கும் 90 என்ற எண்ணும் என்ஜின் ஆயில் டப்பாவில் இருக்கும் 50 என்ற எண்ணும், 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறக்குறைய ஒரே கெட்டிதான். எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது.

கெட்டி பிரச்சினை இல்லை என்றால் எது பிரச்சினை? உள்ளே கலந்திருக்கும் ரசாயனம். ஆக்சிலில் இருக்கும் ஹைபாய்டு கியர்கள் கடும் அழுத்தத்தோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுற்றுபவை. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் ஜிஎல்-5 என்ற தரக் குறியீடு கொண்ட இந்த ஹைபாய்டு ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் நிறையச் சேர்க்கிறார்கள். உரசும் இடத்தின் சூட்டில் அவை எஃகோடு வினைபுரிந்து மெல்லிய தோல் மாதிரி படியும், உலோகத்துக்குப் பதிலாக அந்தத் தோல் தேயும். ஆக்சிலுக்கு இது உயிர்.

சிங்க்ரோவுக்கு நேர் எதிரானது வேண்டும். அதன் வளையம் செப்புக் கலவை உலோகம். உள்பக்கம் நுண்ணிய வரிகள் வெட்டியிருப்பார்கள். கியரின் கூம்பின் மேல் அது அமரும்போது அந்த வரிகள் ஆயில் படலத்தை அறுத்து, உலோகத்தை உலோகம் பிடித்து, கியரின் வேகத்தைச் சமமாக்க வேண்டும். அதாவது அதற்கு உராய்வு வேண்டும். வழவழப்பு அதிகமானால் வளையம் பிடிக்காமல் வழுக்கும், வேகம் சமமாகும் முன்பே பற்கள் மோதும். நீங்கள் கேட்கும் கரகர அதுதான். போதாக்குறைக்கு, அந்தக் கந்தகம் சூட்டில் செப்புக் கலவைகளை மெல்ல அரிக்கவும் செய்யும். இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் பலவற்றில் அரிப்பைத் தடுக்கும் பொருள் சேர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் வழுக்கல் அப்படியேதான் இருக்கிறது.

ஓவர்டிரைவும் இதே ஆயிலைத்தான் குடிக்கிறது. கியர்பாக்ஸின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குத் தனி ஆயில் கிடையாது. அதற்குள் ஒரு சிறு பம்ப், அது தரும் அழுத்தத்தில் பிடித்துக்கொள்ளும் ஒரு கூம்பு கிளட்ச். தப்பான ஆயிலில் அதுவும் வழுக்கும். உங்கள் வண்டியில் இருக்கும் எல்ஹெச் வகையின் விகிதம் 0.82. நான்காம் கியரில் 3000 ஆர்பிஎம்மில் போகும்போது ஸ்விட்சைப் போட்டால், அதே வேகத்தில் முள் சுமார் 2450க்கு இறங்க வேண்டும். இறங்கிவிட்டு, மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மறுபடி 3000க்கு ஏறினால் அது வழுக்கல். இறங்கவே இல்லை என்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள்: என்ஜினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, நான்காம் கியரில் வைத்து ஸ்விட்சைத் தட்டினால் சோலனாய்டு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) டிக்கென்று கேட்க வேண்டும்.

ஓவர்டிரைவ் பிடித்தது விடாமல் மாட்டிக்கொண்டால் வண்டியை ரிவர்ஸில் எடுக்கவே எடுக்காதீர்கள். கையால் பின்னுக்குத் தள்ளவும் வேண்டாம். உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் நொறுங்கிவிடும்.

இப்போது வடிக்கும் வேலை. வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, சமதரையில் தூக்கி நிறுத்தி, வெள்ளைத் தட்டில் வடியுங்கள். முகர்ந்து பாருங்கள், அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்கப்பொடி தூவியது போல் மினுங்கினால் சிங்க்ரோ வளையங்களின் தேய்மானம், கொஞ்சம் இருந்தால் பயப்பட வேண்டாம். சாம்பல் நிறத்தில் பசை போல வருவது வயதான கியர்பாக்ஸில் சகஜம். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் நெருடும் துண்டு வந்தால் மட்டும் மெக்கானிக் சொன்னது சரி, இறக்கத்தான் வேண்டும்.

ஓவர்டிரைவின் அடித்தட்டையும் கழற்றுங்கள். பலரும் இதைச் செய்வதில்லை. டிரெய்ன் பிளக்கை மட்டும் திறந்தால் ஓவர்டிரைவுக்குள் இருக்கும் பழைய ஆயில் அங்கேயே தங்கி, புதியதையும் கெடுக்கும். தட்டுக்குப் பின்னால் இருக்கும் வலை ஃபில்டரை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து மாட்டுங்கள். என்னுடையதில் வலை பாதி அடைத்திருந்தது.

ஓவர்டிரைவோடு சேர்த்து சுமார் 3.4 லிட்டர் பிடிக்கும். உங்கள் வருட மாடலில் டிப்ஸ்டிக், நடுவே உயர்ந்திருக்கும் டனலில் கார்ப்பெட்டுக்கு அடியில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும். (பிந்தைய மாடல்களில் பக்கவாட்டில் ஒரு பிளக் மட்டும். அந்த வண்டிக்காரர்கள் வடிப்பதற்கு முன்னால் அது திறக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வடித்த பிறகு திறக்கவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.) ஊற்றியதும் ஓவர்டிரைவைப் போட்டுப் போட்டு எடுத்து ஒரு சுற்று ஓட்டி, நிறுத்தி, மறுபடி அளவு பாருங்கள். ஓவர்டிரைவ் தன் பங்கை இழுத்துக்கொண்டிருக்கும். அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சி, மேட்டிலும் வளைவிலும் ஓவர்டிரைவ் விட்டுவிடும். உங்கள் அறிகுறியில் மேடு வருவதால் இதையும் விட்டுவிடாதீர்கள். அளவு கூடினால் நுரைக்கும், கசியும்.

உராய்வைக் குறைக்கும் "மேஜிக்" திரவங்கள் எதையும் சேர்க்க வேண்டாம். லேகாக் காரர்களே அதைக் கூடாது என்றுதான் எச்சரித்திருக்கிறார்கள். எரிபொருள் சிக்கனம் என்று விளம்பரம் செய்யும் என்ஜின் ஆயிலும் வேண்டாம். சாதாரண மினரல் 20டபிள்யூ-50 போதும்.

நான் முதல் முறை மாற்றிய அன்றே கரகரப்பு பாதியாகக் குறைந்தது. ஓவர்டிரைவ் மட்டும் இன்னும் மந்தம். 300 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்தேன், அதிலும் லேசாக அந்த நாற்றம். இரண்டாவது மாற்றத்துக்குப் பிறகு ஓவர்டிரைவ் ஸ்விட்சைத் தட்டிய கணமே பிடிக்கிறது. ஆர்டர் கொடுத்த வளையங்கள் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கின்றன. இரண்டாம் கியர் காலையில் முதல் சில நிமிடங்கள் இன்னமும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. அதுவரை டபுள் கிளட்ச் போட்டு (நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, மறுபடி மிதித்துக் கியர் மாற்றி) ஓட்டிக்கொள்கிறேன்.