சாண எரிவாயுத் திட்டத்தில் ஊர் மக்களை ஏன் முதலிலேயே சேர்க்க வேண்டும்?

சாணத்தைக் காற்றுப்படாத தொட்டியில் புளிக்கவிட்டால் எரிவாயு கிடைக்கும். அதை எதற்குப் பயன்படுத்துவது என்று ஊரோடு பேசி முடிவெடுப்பதுதான் மக்கள் பங்கேற்பு. காரணம், தொட்டிக்குத் தினமும் சாணம் வேண்டும். அது அவர்கள் தொழுவத்திலிருந்துதான் வரவேண்டும். மொய் மாதிரிதான்: திரும்ப வரும் என்றால்தான் கை நீளும்.

கர்நாடகத்தின் புரா கிராமத்தில் முதலில் சமையலுக்கு வாயு கொடுக்கப் பார்த்தார்கள். எல்லா வீட்டுக்கும் போதவில்லை, திட்டம் படுத்துவிட்டது. ஊர் கேட்டதோ தண்ணீர்! 1987-இல் அதே வாயுவில் மின்சாரம் எடுத்து, குழாயில் குடிநீரும் வீட்டில் விளக்கும் வந்தன. அப்புறம் சாணமும் ஒழுங்காக வந்தது.

சாணத்தைத் தொட்டிக்குப் போட்டால் வயலுக்கு எரு இல்லாமல் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பயிருக்கு வேண்டிய தழைச்சத்து (நைட்ரஜன்) பெரும்பாலும் வெளிவரும் கரைசலிலேயே இருக்கும்.