மேசையில் மிச்சம் பிடியுங்கள், நாற்காலியில் வேண்டாம்

கேள்வி: கோவை கணபதியில் வாடகைக்கு இடம் பிடித்து, எட்டுப் பேர் உட்காரும் டிசைன் அலுவலகம் தொடங்குகிறேன். ஃபர்னிச்சருக்கு 2 லட்சத்துக்கு மேல் போக முடியாது. எல்லாவற்றையும் பழையதாகவே வாங்கிவிடலாமா? ஆசாரியை வைத்துச் செய்வது லாபமா?

பதில்: எல்லாமே பழையதாக வேண்டாம். பழையது எதில் கைகொடுக்கும், எதில் காலை வாரும் என்று பிரித்துக்கொண்டால் உங்கள் 2 லட்சத்துக்குள் முடித்துவிடலாம்.

நாற்காலியைத் தாராளமாகப் பழையதாக வாங்கலாம். ஐ.டி. கம்பெனிகள் இடத்தைக் காலி செய்யும்போது கழித்துவிடும் நல்ல நாற்காலிகள் பழைய ஃபர்னிச்சர் கடைகளுக்கு வரும். மலிவான புது நாற்காலியைவிட அவை எவ்வளவோ மேல். ஆனால் படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். கடைக்குப் போய், சீட்டை முழு உயரத்துக்கு ஏற்றி, அதில் உட்கார்ந்தபடியே விலை பேசுங்கள். பேசி முடிப்பதற்குள் சீட் தானாக இறங்கியிருந்தால் கேஸ் லிஃப்ட் (சீட்டை ஏற்றி இறக்கும் உருளை) போய்விட்டது என்று அர்த்தம். அது மாற்றக்கூடிய பாகம்தான். அதைச் சொல்லியே விலையைக் குறைக்கலாம். அப்புறம் கவிழ்த்துப் பாருங்கள். சக்கரங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் கால்களில் விரிசல் இருந்தால் என்ன விலை சொன்னாலும் விட்டுவிடுங்கள். நாள் முழுக்க கணினி முன்னால் உட்காரும் ஆட்களுக்கு இதில் கஞ்சத்தனம் செய்தால் முதுகுவலியும் லீவு லெட்டரும்தான் மிஞ்சும்.

பழைய மேசை வேண்டவே வேண்டாம். மேலே மைக்கா பளபளக்கும். உள்ளே பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுதான். ஒரு தடவை கழற்றி மாட்டினாலே திருகு சரியாகப் பிடிக்காது, ஆட ஆரம்பித்துவிடும். இரும்பு பீரோவும் ஃபைல் கேபினட்டும் அப்படியில்லை. பூட்டும் சாவியும் சரியாக இருந்தால் பழையதையே எடுங்கள்.

மேசைகளை மட்டும் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள். கோவையில் வெல்டிங் பட்டறைக்கா பஞ்சம்? கால்களுக்குச் சதுர பைப் ஃபிரேம், மேலே 18 மி.மீ. பலகை, போதும். இங்கே அளவுதான் முக்கியம். பலகை 8-க்கு 4 அடி ஷீட்டாக வருகிறது. மேசை 4-க்கு 2 அடி என்றால் ஒரு ஷீட்டில் நான்கு மேசை. எட்டுப் பேருக்கு இரண்டே ஷீட். “கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்” என்று 5-க்கு 2 அடி கேட்டால் ஒரு ஷீட்டில் இரண்டுதான் வரும், மீதி துண்டாகப் போகும். ஆக, ஒரு அடி கூட்டியதற்கு நான்கு ஷீட். ஆசாரியிடம் 1200-க்கு 600 மி.மீ. என்றே சொல்லுங்கள். ஷீட்டின் உண்மையான அளவு 2440-க்கு 1220 என்பதால் ரம்பம் தின்னும் இடமும் அதிலேயே அடங்கிவிடும். இரண்டு மேசைகளை எதிரெதிராகச் சேர்த்து ஒரே ஃபிரேமில் போட்டால் இரும்பிலும் மிச்சம்.

நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவரா என்று சொல்லவில்லை. வழக்கமான பதிவு இருந்து, காம்போசிஷன் திட்டத்தில் (விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் சிறு தொழில் திட்டம்) இல்லையென்றால், “பில் இல்லாமல் தந்தால் குறைத்துத் தருகிறேன்” என்ற பேச்சில் மயங்காதீர்கள். ஃபர்னிச்சருக்குப் பொதுவாக 18 சதவீத வரி. ஜி.எஸ்.டி. பில் இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். பணத்தையும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் அந்தத் தொகைக்குத் தேய்மானம் (பொருள் பழசாவதற்காக வருடா வருடம் கிடைக்கும் கழிவு) கிடைக்காது.

வாடகை இடத்தில் ஃபால்ஸ் சீலிங், கண்ணாடித் தடுப்பு எல்லாம் ஓனருக்குச் செய்யும் சீர். காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போக முடிந்ததற்கு மட்டும் செலவு செய்யுங்கள்.

எதற்கும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் தரையில் சாக்பீஸால் மேசைகளை வரைந்து, எலெக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டுங்கள். பிளக் பாயின்ட் இருக்கும் சுவரை ஒட்டி வரிசையை மாற்றிப் போட்டாலே வயரிங் செலவு பாதியாகக் குறைய வாய்ப்பு உண்டு. மாடியென்றால் படிக்கட்டின் திருப்பத்தையும் அளந்துகொள்ளுங்கள், பீரோ அங்கேதான் மாட்டும்.