கேள்வி – பதில்: ‘போதும்’ என்று திரும்பி வருகிறவர்கள்

17 வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால், இந்த வகைக் கடிதங்களை எல்லாம் ஆசிரியர் என் மேசைக்குத் தள்ளிவிடுகிறார். இந்த முறை ஐந்து.

கேள்வி: என் அண்ணன் 14 வருடம் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருந்தார். திடீரென்று ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டார். கேட்டால் “போதும்” என்கிறார், அவ்வளவுதான். வேலை போயிருக்கும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். உண்மையில் எதற்காகத்தான் திரும்பி வருகிறார்கள்?

பதில்: “போதும்” என்பது முழுப் பதில்தான். கேட்பவர்களுக்குத்தான் அது போதவில்லை.

நான் கிளம்பியபோது அலுவலகத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்று எழுதிக் கொடுத்தேன். உறவினர்களிடம் அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்றேன். நண்பர்களிடம் சேர்த்தது போதும் என்றேன். மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றுமே ஐந்து வருடத்துக்கு முன்பும் இருந்த காரணங்கள். தொழிலில் கணக்கர் என்பதால், இருந்தால் என்ன வரும், கிளம்பினால் என்ன போகும் என்று வருடா வருடம் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கிளம்பிய வருடமும் அந்தத் தாள் ‘இரு’ என்றுதான் சொன்னது.

மாறியது வேறு. ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அவசரம் என்றால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்ற கட்டத்தில், பழக்கத்தில் ஒரு நண்பரின் பெயரை எழுதிவிட்டேன். அவர் அந்த நாட்டை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது. அடித்துவிட்டு யோசித்தேன். அடுத்த பெயர் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் “பரவாயில்லை, காலியாகவே விடுங்கள்” என்றார். அன்றைக்கு நான் எந்த முடிவும் எடுக்கவில்லை. ஆனால் அடுத்த முறை வீட்டு வாடகை ஒப்பந்தம் வந்தபோது, ஒரு வருடத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்புவதற்கான காரணங்கள் முதல் நாளிலிருந்தே கூடவே இருக்கின்றன. தீர்ந்துபோவது தங்குவதற்கான காரணங்கள்தான். கடன் அடைகிறது. படிப்பு முடிகிறது. இதற்கு மேல் பதவி உயர்வு கிடையாது என்று தெரிந்துவிடுகிறது. கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார்கள். கடைசியாகத் தீர்ந்தது எதுவோ, அதைப் பார்த்துத்தான் ஊர் பேசும்.

பணம் கொடுத்தாவது அனுப்பிவிடலாம் என்று 1977-ல் பிரான்ஸ் அரசு முயன்று பார்த்தது. திரும்பிப் போகச் சம்மதிக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு 10,000 ஃபிராங்க். அல்ஜீரியர்கள் கிளம்புவார்கள் என்பது அரசின் எதிர்பார்ப்பு. வாங்கிக்கொண்டு கிளம்பியவர்களில் பெரும்பாலோர் ஸ்பெயின்காரர்களும் போர்ச்சுகீசியர்களும்தான். அந்த இரண்டு நாடுகளிலும் சர்வாதிகாரம் அப்போதுதான் முடிந்திருந்தது. எப்படியும் போகவிருந்தவர்கள், வழிச்செலவுக்கு ஆயிற்று என்று வாங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த வேலை போன பேச்சு. பிரான்செஸ்கோ செராசே என்ற சமூகவியலாளர், அமெரிக்காவிலிருந்து இத்தாலிக்குத் திரும்பியவர்களைப் பற்றி 1974-ல் எழுதும்போது அவர்களை நான்கு வகையாகப் பிரித்தார். அங்கே ஒட்ட முடியாமல் வந்தவர்கள் ஒரு வகை. சேர்த்த பணத்தில் நிலமோ வீடோ வாங்கி, பழைய வாழ்க்கையையே கொஞ்சம் வசதியாக வாழ வந்தவர்கள் இன்னொரு வகை. மற்ற இரண்டும் ஓய்வுக்காலத்துக்கு வந்தவர்கள், கற்றதை வைத்துப் புதிதாக ஏதாவது செய்ய வந்தவர்கள். சொந்தக்காரர்களின் கண்ணுக்கு முதல் வகை மட்டும்தான் தெரியும். உங்கள் அண்ணனிடம் ஏன் வந்தாய் என்று இனி கேட்காதீர்கள். கடைசி ஒரு வருடம் அங்கே ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போயின என்று கேளுங்கள். பேசுவார்.

கேள்வி: ஊர் ஏக்கம் என்பது நிஜமாகவே நோயா, இல்லை சாக்கா?

பதில்: ஒரு காலத்தில் நோயென்றே எழுதி வைத்தார்கள். 1688-ல் யோஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் எழுதிய ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘நாஸ்டால்ஜியா’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அவர் விவரிக்கும் நோயாளிகளில் ஒருவர் பெர்னிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞர். இனி பிழைக்க மாட்டார் என்ற நிலையில் ஊருக்கு அனுப்பினார்கள். வழியிலேயே தேறத் தொடங்கிவிட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 100 கிலோமீட்டர்தான். சாக்காகவும் அது பயன்படும். பிடிக்காத ஒரு விருந்திலிருந்து சீக்கிரம் கிளம்ப நானே பயன்படுத்தியிருக்கிறேன்.

கேள்வி: கணவர் நம் நாட்டுக்கே போய்விடலாம் என்கிறார். மகளுக்கு 13 வயது, இங்கேயே பிறந்தவள். பேச்செடுத்தாலே அழுகிறாள். என்ன செய்வது?

பதில்: நீங்கள் இருவரும் திரும்புகிறீர்கள். அவள் முதல் முறையாக வெளிநாட்டுக்குப் போகிறாள். ‘நம் நாடு’ என்று சொல்வதை வீட்டில் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, “உன்னைப் புது இடத்துக்குக் கூட்டிப்போகிறோம், உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்” என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். அழுகை நிற்காது, ஆனால் யாருக்கும் புரியவில்லையே என்ற கோபம் குறையும். தேதியைப் பள்ளியை வைத்து முடிவு செய்யுங்கள். இறுதித் தேர்வுக்கான பாடத்திட்டத்தின் நடுவில் பிடுங்கி நடாதீர்கள். அதற்கு முன்பே போங்கள், இல்லை முடிந்த பிறகு.

காகித வேலையையும் சொல்லிவிடுகிறேன். திரும்பி வரும் கதவு திறந்திருக்கட்டும் என்று நினைத்தால் வசிப்புரிமை விதிகளைக் கிளம்பும் முன்பே படியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமை, தொடர்ந்து 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தால் பொதுவாகப் போய்விடும். அமெரிக்க நிரந்தர வசிப்பு அட்டை வைத்திருப்பவர் ஒரு வருடமோ அதற்கு மேலோ வெளியே இருக்கப்போகிறார் என்றால், மறுநுழைவு அனுமதிக்குக் கிளம்பும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வருட வரிக் கணக்கு முடியும்வரை வங்கிக் கணக்கை மூடாதீர்கள். நான் மூடினேன். திருப்பித் தர வேண்டிய வரிப் பணம் மூடிய கணக்குக்குப் போய், அதை மீட்க ஏழு மாதம் அலைந்தேன். கணக்கர் என்று வெளியில் சொல்லவே வெட்கமாக இருந்தது.

கேள்வி: திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. எல்லாம் அந்நியமாக இருக்கிறது. தவறு செய்துவிட்டேனா?

பதில்: எட்டு மாதத்தில் அதைச் சொல்ல முடியாது. அமெரிக்க ஆய்வாளர்களான கல்லஹார்ன் தம்பதி 1963-ல் இதைப் பற்றி எழுதியபோது, வெளிநாட்டுக்குப் போகும்போது மனம் விழுந்து எழுவதைப் போலவே திரும்பிய பிறகும் இன்னொரு முறை விழுந்து எழுகிறது என்றார்கள். போகும்போது எல்லாம் புதிதாக இருக்கும் என்று தயாராகப் போகிறோம். வரும்போது அந்தத் தயாரிப்பு கிடையாது. விட்டுப் போன இடம் அப்படியே காத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது அக்கா மகள், “மாமா, இன்னிக்கு பதினோரு தடவை ‘அங்கே எல்லாம்’னு சொல்லிட்டீங்க” என்றாள். எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறாள். நீங்களும் வீட்டில் யாரையாவது எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள், சரியா?

கேள்வி: திரும்பி வந்தவர் மறுபடியும் கிளம்பினால் அது தோல்வியா?

பதில்: ஒவ்வொரு பெரிய இடப்பெயர்ச்சிக்கும் ஓர் எதிரோட்டம் உண்டு என்று ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் 1885-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் வருகிறவர்களை எண்ணிவந்த அமெரிக்கா, கிளம்பிப் போகிறவர்களையும் முறையாக எண்ணத் தொடங்கியது 1908-ல்தான். அந்தக் காலத்தில் அங்கே போன இத்தாலியர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் திரும்பினார்கள். அவர்களில் பலர் மறுபடியும் கப்பல் ஏறினார்கள். அதைத் தோல்விக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது?

அலமாரி மேல் இருக்கும் என் பழைய பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்று அக்கா சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை.